சிபாரிசும் கட்டளையும்

ஆகாய விமானத்தில் ஏறி அமர்ந்தவுடன் இடுப்பு வாரைக் கட்டிக்கொள்ளும்படி சொல்லுகிறார்கள், கட்டிக்கொள்கிறோம். அவசர வழி எங்கே இருக்கிறது, மிதவைச் சட்டையை எப்படி மாட்டிக்கொள்வது என்றெல்லாம் அபிநயம் பிடித்துக் காட்டுகிறார்கள். பாதிக் கவனத்துடன் பார்க்கிறோம். ஆனால் நமது தலைக்கு மேலுள்ள வெள்ளைப் பலகைக்குப் பின்னாலும், காலுக்குக் கீழுள்ள கம்பளத்துக்கு அடியிலும் நூறு மைலுக்கு மேற்பட்ட நீளத்துக்கு மின்சாரக் கம்பி சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லுவதில்லை. பிரயாணிகளைக் கலவரப்படுத்துவானேன் என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். வீட்டில் மின்சார விசிறிக்குப் போகும் கம்பியில் எலி பல் பட்டிருக்கிறதா என்று கவலையுடன் பார்க்கும் குடும்பஸ்தர் கூட, விமானத்தில் ஏறியதும் அந்தக் கவலையை வேறு யாரிடமோ ஒப்புவித்துவிட்டு நிம்மதியாகக் கண்ணயர்ந்துவிடுகிறார். அந்த 'வேறு யாரோ' யார், அவர் தமது காரியத்தைச் செய்கிறாரா என்பதே இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

பள்ளிக்கூடத்தில் பியூஸ் பாடம் நடத்துவது சுலபம். 'கம்பியில் அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்தால் பியூஸ் உருகிவிடும். வீடு தப்பிவிடும்' என்று நாமும் பல வருஷங்களாகக் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லி வந்திருக்கிறோம். பிள்ளைகளும் அப்படியே பரீட்சையில் எழுதி முழு மார்க்கு வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பாடம் பாதி உண்மைதான் என்பதை உலகம் மிகக் கொடிய முறையில் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு எட்டேகால் மணி சுமாருக்கு, ஸ்விஸ்ஏர் கம்பெனியின் 111-ஆம் எண் விமானம் நியூயார்க்கிலிருந்து ஜினீவாவுக்குப் புறப்பட்டது. எம்.டி.-11 என்னும் வகையைச் சேர்ந்த பெரிய விமானம். வயது ஏழுதான், பழைய வண்டி என்று யாரும் சொல்ல முடியாது. கிளம்பி ஐம்பத்து மூன்று நிமிஷம் கழித்து விமானிகளின் அறையில் ஏதோ ஒரு வாடை வீசிற்று. குளிர்பதன யந்திரத்தில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தார்கள். பிறகு புகை தெரிந்தது. கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரில் இறங்குவதென்று திரும்பினார்கள். முதல் வாடை வீசியதிலிருந்து இருபத்தொரு நிமிஷத்தில் விமானம் நோவா ஸ்கோஷியாக் கரைக்கு அருகில் கடலில் விழுந்து நொறுங்கிற்று. 215 பிரயாணிகளும் 14 சிப்பந்திகளுமாக 229 பேர் இருந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு போர்டார் செய்த விசாரணை நாலரை வருஷம் நடந்தது. கடலின் அடியிலிருந்து விமானத்தின் எடையில் 98 சதவிகிதத்தை அள்ளிக் கொண்டுவந்தார்கள். லட்சக்கணக்கான துண்டுகள், பலவும் உள்ளங்கையில் அடங்கக் கூடியவை. அவற்றைப் பொறுக்கி, பிரித்து, முன்பகுதியை ஒரு சட்டத்தின் மேல் பொருத்தி, எந்த இடம் அதிகமாகக் கருகியிருக்கிறது என்று பார்த்தார்கள். விமானிகளின் தலைக்கு மேலே, கூரைப் பலகைக்குப் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில் தீ பிறந்திருந்தது. அங்கே கிடைத்த சில கம்பித் துண்டுகளில் தாமிரம் உருகி மணிமணியாக உறைந்திருந்தது. கம்பிக்குக் கம்பி மின்சாரப் பொறி தாவியதற்கு அதுவே அடையாளம்.

சர்க்யூட் பிரேக்கர் ஏன் காப்பாற்றவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். நமது பியூஸ் பாடத்தின் மற்றப் பாதி இதுதான். அளவு மீறிய மின்சாரம் சற்று நேரம் இடைவிடாமல் பாய்ந்து, பிரேக்கருக்குள் இருக்கும் உலோகத் தகட்டைச் சூடாக்கி வளைத்தால்தான் அது விழும். கம்பியின் மேலுறை எங்கோ உராய்ந்து வெடித்து, அந்தக் கீறலில் பொறி தாவும்போதோ அப்படி நிகழ்வதில்லை. பொறி கண்ணிமைக்கும் நேரத்தில் தோன்றி மறைகிறது, மறுபடி தோன்றுகிறது. கூட்டிப் பார்த்தால் பாயும் மின்சாரம் சொற்பம். ஆகையால் பிரேக்கர் ஒன்றும் அறியாததுபோல் இருந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பொறியின் உஷ்ணமோ, ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதித்தாலன்றி உருகாத தாமிரத்தையே உருக்கிவிடுகிறது.

பொறி மட்டும் விமானத்தை எரித்துவிடாது. பற்றிக்கொள்ள ஒரு பொருள் வேண்டும். அதையும் விமானத்தைக் கட்டியவர்களே கூரைக்குள் வைத்திருந்தார்கள். குளிரும் இரைச்சலும் உள்ளே வராதபடி விமானத்தின் சுவரெங்கும் மெத்தைபோன்ற போர்வை விரிப்பது வழக்கம். அந்தப் போர்வைக்கு உறையாக, உலோகப் பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளை உபயோகித்திருந்தார்கள். சர்க்கார் விதித்த பரீட்சையில் அந்தத் தாள் தேறியிருந்தது. ஒரு துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழே அடுப்புச் சுடரைக் காட்டினால் தாள் சுருண்டு சுடரைவிட்டு விலகிக்கொண்டது. 'தேறியது' என்று எழுதிக்கொண்டார்கள். கூரைக்குள்ளோ அது விலகிக்கொள்ள இடமின்றி விரிந்து கிடந்தது. பரீட்சையில் தேறுவதும் பாடத்தில் தேறுவதும் வேறு வேறு என்பது எம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்குப் புதிதல்ல. ஆயினும் இப்படிப்பட்ட வித்தியாசத்தை நாம் கண்டதில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் நம்மைத் தூங்கவிடாத விஷயம். இந்தத் தாள் எரியும் என்பது விபத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. 1993-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் விமான நிலையத்தில் ஒரு விமானத்தில் தீப்பிடித்தபோது இதே மாதிரி உறை எரிந்திருக்கிறது. சீனாவின் விமான இலாகாவினரும் தங்கள் நாட்டில் நடந்தவற்றைக் குறிப்பிட்டு அமெரிக்க அதிகாரிகளுக்கு எழுதியிருந்தார்கள். 1997-ஆம் ஆண்டில், அதாவது விபத்துக்குச் சுமார் ஒரு வருஷம் முன்பே, விமானத்தைக் கட்டிய கம்பெனி தனது வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு சர்வீஸ் புல்லட்டின் அனுப்பிற்று. அந்த உறையை மாற்றிவிடுவது நலம் என்று அதில் எழுதியிருந்தது. மாற்றுவது நலம், அவ்வளவுதான். மாற்றியே தீரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

விமான உலகத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. கம்பெனி அனுப்பும் புல்லட்டின் என்பது ஒரு சிபாரிசு. விமானச் சொந்தக்காரர் சௌகரியப்பட்டால் செய்யலாம். சர்க்கார் பிறப்பிக்கும் பறக்கும் தகுதிக் கட்டளையோ அப்படியல்ல. குறித்த தவணைக்குள் அதில் சொன்னபடி செய்யாவிட்டால் அந்த விமானம் தரையைவிட்டு எழும்பக் கூடாது. அமெரிக்காவில் இந்தக் கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரம் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு, அதாவது எப்.ஏ.ஏ.க்கு உண்டு. 1997-இல் அதன் கையிலிருந்த பேனா எழுதவில்லை. 229 பேர் மாண்டபின், 2000-ஆம் ஆண்டில் எழுதிற்று. எழுநூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்களிலிருந்து அந்த உறையை நீக்கவேண்டுமென்றும், அதற்கு ஐந்து வருஷம் தவணையென்றும் கட்டளை பிறந்தது. பழைய சுடர்ப் பரீட்சைக்குப் பதிலாகக் கடுமையான புதிய பரீட்சையும் 2003-இல் சட்டமாயிற்று.

அந்த விமானத்தில் இன்னொரு விநோதமும் இருந்தது. உயர்ந்த வகுப்புப் பிரயாணிகள் சினிமாப் பார்க்கவும், சூதாடவும், கடைச் சாமான் வாங்கவும் ஆசனத்துக்கு ஆசனம் திரை வைத்து ஒரு களியாட்டச் சாதனம் பொருத்தியிருந்தார்கள். விமானம் கட்டி முடித்த பல வருஷங்களுக்குப் பிறகு சேர்த்தது இது. புகை கண்டால் பிரயாணிகள் பகுதிக்குப் போகும் மின்சாரத்தை ஒரே விசையில் துண்டித்துவிட விமானிகளுக்கு வழி உண்டு. இந்தச் சாதனத்தையோ அந்த விசைக்குக் கட்டுப்படாத வேறொரு மின்சாரப் பாதையில் கோத்திருந்தார்கள். இதன் கம்பியிலும் பொறி தாவிய அடையாளம் கிடைத்தது. ஆனால் அதுதான் முதல் பொறி என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதென்று விசாரணை போர்டார் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். விமானிகள் வாடை வீசிய கணமே நேராக ஹாலிபாக்ஸுக்கு விரைந்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது என்றும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். இறந்துபோன விமானிகளின் மேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடிவிடாத அந்தப் போர்டாரை நாம் மெச்சுகிறோம்.

இது நிற்க. இதற்கு இரண்டு வருஷம் முன்னால், இதே நியூயார்க் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய மற்றொரு விமானத்தின் கதையையும் சொல்லவேண்டியிருக்கிறது. 1996-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி, டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் 800-ஆம் எண் விமானம் பாரிஸுக்குப் புறப்பட்டது. போயிங் 747 வகை. இருபத்தைந்து வருஷம் உழைத்தது. புறப்பட்ட பன்னிரண்டாம் நிமிஷத்தில், லாங் தீவுக் கடற்கரைக்கு அப்பால், ஆகாயத்திலேயே வெடித்தது. 230 உயிர்கள் போயின. குண்டு என்றார்கள், ஏவுகணை என்றார்கள். வதந்திக்குக் குறைவில்லை. நாலு வருஷ விசாரணைக்குப் பின் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு போர்டார் வெளியிட்ட முடிவு இது: விமானத்தின் நடுவயிற்றிலுள்ள எரியெண்ணெய்த் தொட்டிக்குள் தேங்கியிருந்த ஆவி தீப்பற்றி வெடித்தது. தொட்டிக்கு வெளியே எங்கோ ஒரு ஷார்ட் சர்க்யூட் நேர்ந்து, எண்ணெயின் அளவைக் காட்டும் கம்பி வழியாக மிகுதியான மின்சாரம் உள்ளே புகுந்திருக்க வேண்டும் என்பதே மிகவும் பொருத்தமான காரணம்.

அந்தத் தொட்டியில் அன்று எண்ணெய் மிகக் கொஞ்சமே இருந்தது. அதுவே ஆபத்து. நிறைந்த தொட்டியில் ஆவிக்கு இடமில்லை. காலித் தொட்டியில் உண்டு. தொட்டிக்கு நேர் கீழே குளிர்பதன யந்திரங்களை வைத்திருந்தார்கள். கோடைகாலத்தில் விமானம் தரையில் தாமதித்து நின்றதால் அந்த யந்திரங்களின் சூடு ஏறி, மிச்சமிருந்த எண்ணெய் ஆவியாகிக் காற்றுடன் கலந்தது. இப்படிக் கலந்த ஆவிக்குத் தீ மூட்ட எவ்வளவு சக்தி வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ ஒரு ஜூலில் நாலாயிரத்தில் ஒரு பங்கு போதும். நூறு கிராம் எடையுள்ள ஒரு சிறு மாங்காயை ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு உயரம் தூக்குகிற அளவுதான்!

விமானம் கட்டுகிறவர்கள் அதுவரையில் ஒரே ஒரு கொள்கையை நம்பியிருந்தார்கள். தொட்டிக்குள் ஆவி எப்போதும் இருக்கத்தான் செய்யும்; பொறி மட்டும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது அந்தக் கொள்கை. ஆனால் 1990-இல் மணிலாவில், பிரயாணிகள் ஏறி உட்கார்ந்து, கிளம்புவதற்குத் தயாராகப் பின்னுக்குத் தள்ளப்பட்ட ஒரு போயிங் 737-இன் நடுத்தொட்டி வெடித்து எட்டுப் பேர் இறந்திருந்தார்கள். கொள்கையில் ஓட்டை இருக்கிறதென்று அப்போதே ஒருவர் சந்தேகித்திருக்கலாம். 2001 மார்ச்சில் பாங்காக்கில் இன்னொரு 737-க்கும் அதே கதி நேர்ந்தது. அதில் ஏற இருந்தவர் தாய்லாந்தின் பிரதம மந்திரி. அவர் ஏறுவதற்கு முன்பே வெடித்தது. சிப்பந்தி ஒருவர் மாண்டார். அந்த ஆண்டிலேயே எப்.ஏ.ஏ. ஒரு விசேஷ விதியைப் பிறப்பித்தது. விமானம் கட்டும் ஒவ்வொரு கம்பெனியும் தனது தொட்டிகளின் அமைப்பை அடியோடு மறுபரிசீலனை செய்து, பொறி எந்தெந்த வழியில் நுழையக் கூடும் என்று கண்டுபிடித்து அடைக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

ஆனால் ஆவியையே செயலற்றதாக்கிவிட்டால் என்ன? தொட்டிக்குள் நைட்ரஜன் வாயுவைச் செலுத்திப் பிராணவாயுவைக் குறைத்துவிட்டால் பொறி விழுந்தாலும் தீப்பிடிக்காது. யுத்த விமானங்களில் பழகிய வித்தை இது. பாதுகாப்பு போர்டார் 1996 டிசம்பரிலேயே இதைச் சிபாரிசு செய்தார்கள். போர்டாரால் சிபாரிசுதான் செய்ய முடியும்; கட்டளையிடும் பேனா எப்.ஏ.ஏ.யிடம். விமானத் தொழில் பிரதிநிதிகள் நிறைந்த ஒரு கமிட்டி 1998-இல் கூடிக் கணக்குப் பார்த்தது. நைட்ரஜன் சாதனத்துக்கு ஆகும் செலவு இத்தனை, அதனால் தப்பும் உயிர்கள் இத்தனை, ஓர் உயிருக்கு விலை இத்தனை. ஆகவே கட்டுப்படியாகாது என்று முடிவு சொல்லிற்று. 2001-இல் மறுபடி ஒரு கமிட்டி கூடியது. மறுபடி அதே முடிவு.

அந்தக் கணக்கைத் தகர்த்தவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்ல, எப்.ஏ.ஏ.யிலேயே சம்பளம் வாங்கிய சில என்ஜினீயர்கள். காற்றில் 21 சதவிகிதம் பிராணவாயு இருக்கிறது. அதை 9 அல்லது 10 சதவிகிதத்துக்குக் குறைத்தாலொழியப் பயனில்லை என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். இவர்கள் சோதித்துப் பார்த்து, பிரயாணி விமானத்துக்கு 12 சதவிகிதமே போதும் என்று காட்டினார்கள். தேவை குறைந்ததும் சாதனம் சிறிதாயிற்று. எடையும் விலையும் இறங்கின. கட்டுப்படியாகாது என்ற வார்த்தைக்குப் பின்னால் எத்தனை தடவை இப்படி ஒரு தவறான எண் ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டார்கள்? 2008 ஜூலையில் சட்டம் வந்தது. பழைய விமானங்களில் மாற்றி முடிக்க மேலும் சுமார் ஒன்பது வருஷம் தவணை கொடுத்தார்கள். பழைய சரக்கு விமானங்களுக்கு விதிவிலக்கு. ஆக, சிபாரிசு பிறந்தது 1996-இல். கட்டளை பிறந்தது 2008-இல். இடையிலுள்ள பன்னிரண்டு வருஷங்களில் உலகமெங்கும் பறந்த அத்தனை பேரும் அந்த இடைவெளிக்கு மேலேயே பறந்திருக்கிறார்கள்.

கம்பியைப் பற்றிய சட்டம் 2007 நவம்பரில் வெளியாயிற்று. நமது அபிப்பிராயத்தில் எல்லாவற்றிலும் அடிப்படையான சீர்திருத்தம் இதுவே; பத்திரிகைகளில் அதிகம் பிரஸ்தாபிக்கப்படாததும் இதுவே. அதுவரையில் விமானத்தில் யந்திரம் ஓர் உறுப்பு, சக்கரம் ஓர் உறுப்பு, ரேடியோ ஓர் உறுப்பு. கம்பி மட்டும் ஒன்றையொன்று இணைக்கும் கயிறு. கட்டும்போது உள்ளே வைத்து மூடினால் மறந்துவிடலாம் என்று இருந்தது. புதிய சட்டம் கம்பியையும் ஒரு தனி உறுப்பாகவே மதிக்கச் சொல்லுகிறது. எந்தக் கம்பிக்கு அருகில் எந்தக் கம்பி போகலாம், எவ்வளவு இடைவெளி, எத்தனை காலத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது என்றெல்லாம் வகுக்கச் சொல்லுகிறது. பழுது பார்க்கும் தொழிலாளிகளுக்குக் கம்பியைப் பற்றித் தனிப் பயிற்சியும் இதை ஒட்டியே பரவிற்று. துளை போடும்போது சிதறும் உலோகத் துருவல் ஒரு கம்பிக் கட்டின்மேல் விழுந்து கிடந்தால், விமானத்தின் அதிர்வில் அது ரம்பமாகி மேலுறையை அறுத்துவிடுகிறது. ஆகையால் 'வேலை செய்துகொண்டே துப்புரவும் செய்' என்பது அந்தப் பயிற்சியின் முக்கியப் பாடம். நமது வீட்டுப் பெண்மணிகள் சமையலறையில் தினந்தோறும் கடைப்பிடிக்கும் இந்த விதிக்குச் சட்ட அந்தஸ்து கிடைக்க 459 உயிர்கள் தேவைப்பட்டன.

கட்டளை எப்போதும் தாமதமாகவே வரும் என்று சொல்லிவிடவும் முடியாது. 2013 ஜனவரி 7-ஆம் தேதி பாஸ்டனில் நின்றுகொண்டிருந்த ஒரு ஜப்பானிய போயிங் 787 விமானத்தில் லிதியம் பாட்டரி தீப்பற்றிற்று. அதே மாதம் 16-ஆம் தேதி ஜப்பானில் மற்றொன்று பாட்டரிப் புகையால் அவசரமாக இறங்கிற்று. அன்றே எப்.ஏ.ஏ. அந்த வகை விமானங்களைத் தரையில் நிறுத்தும்படி உத்தரவிட்டது. ஏர் இந்தியாவிடம் அப்போதிருந்த ஆறு 787 விமானங்களையும் நமது அதிகாரிகள் உடனே நிறுத்தினார்கள். ஒரு கோடி மணி நேரம் பறந்தால் ஒரு தடவைகூட இப்படிப் புகையாது என்று கணக்குக் கொடுத்து அனுமதி வாங்கிய பாட்டரி, ஒரு லட்சம் மணி நேரம் பறப்பதற்கு முன் இரண்டு தடவை புகைந்துவிட்டது. பிறகு பாட்டரியை எஃகுப் பெட்டிக்குள் வைத்து, புகை வெளியேற வழி செய்து, சில மாதங்களில் மறுபடி பறக்கவிட்டார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை. ஆகவே, மனமிருந்தால் பேனா ஒரே நாளிலும் எழுதும் என்று தெரிகிறது.

நமது தேசத்தில் இவ்விஷயம் எப்படியிருக்கிறது? பெரிய பிரயாணி விமானங்களை நாம் கட்டுவதில்லை, வாங்குகிறோம். விமானம் எந்த நாட்டில் உருவானதோ அந்த நாட்டுச் சர்க்காரின் பறக்கும் தகுதிக் கட்டளை இங்கேயும் கட்டாயம் என்று நமது சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் விதித்திருக்கிறது. 1934-ஆம் வருஷத்து வெள்ளைக்காரச் சட்டத்தை நீக்கி, 2024-இல் இயற்றிய பாரதீய வாயுயான் சட்டமும் 2025 ஜனவரி முதல் அமலுக்கு வந்துவிட்டது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வாஷிங்டனில் எழுதிய கட்டளை டில்லியில் அச்சாகிவிட்டால் அது பம்பாயில் நிற்கும் விமானத்தின் கூரைக்குள் ஏறிவிடாது. ஒரு மனிதன் ஏணி வைத்து ஏறி, பலகையைக் கழற்றி, கைவிளக்கைப் பிடித்து அந்தக் கம்பியைப் பார்க்கவேண்டும். அவன் உண்மையிலேயே பார்த்தானா, பார்த்ததாகக் கையெழுத்து மட்டும் போட்டானா என்று பார்க்க இன்னொரு மனிதன் வேண்டும். அந்த இரண்டாவது மனிதன் சர்க்கார் உத்தியோகஸ்தன்.

2023-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் ஏர் இந்தியாவும் இண்டிகோவும் சேர்ந்து 970 புதிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் பிரசுரித்தன, நாமும் பெருமைப்பட்டோம். அந்த விமானங்களின் மேல் கண் வைக்கவேண்டிய டைரக்டர் ஜெனரல் அலுவலகத்தில், அனுமதிக்கப்பட்ட உத்தியோகங்களில் சுமார் பாதி காலியாகக் கிடப்பதாகப் பாராளுமன்றக் குழு ஒன்று 2025-இல் சுட்டிக்காட்டியது. அந்தச் செய்திக்குக் கொட்டை எழுத்துக் கிடைக்கவில்லை. பாராளுமன்றக் குழு சொல்லுவதும் ஒரு சிபாரிசுதான் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். அந்தக் காலி நாற்காலிகள் எந்தத் தேதிக்குள் நிரம்பும் என்பதை விமானப் போக்குவரத்து மந்திரியார் சபையில் எழுந்து சொல்லட்டும். சொன்னால், அந்தத் தேதியை இந்தப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.